கொம்பு வண்டும் கூன்வண்டும்

வணக்கம். எங்கள் தென்னை ஒன்றின் அடியில் இரண்டு வண்டுகள் கிடந்தன. ஒன்று கறுப்பு, தலையில் கொம்பு. இன்னொன்று செம்பழுப்பு, நீண்ட மூக்கு. கொம்பு உள்ளது ஆண், மற்றது பெண் என்கிறார் பக்கத்துத் தோட்டக்காரர். சரிதானா? எதை முதலில் கவனிக்க வேண்டும்?

அன்புள்ள நண்பருக்கு,

சரியில்லை, இரண்டும் வேறு வேறு இனம். கறுப்பு, காண்டாமிருக வண்டு. அதில் பெண்ணுக்கும் கொம்பு உண்டு, ஆணுக்குக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். திருப்பிப் பாருங்கள், வயிற்றின் நுனியில் செம்பழுப்பு முடி அடர்த்தியாக இருந்தால் அது பெண். மற்றது சிவப்புக் கூன்வண்டு. அதில் முடி ஆணுக்குத்தான், அதுவும் மூக்கின் மேல்.

ஆனால் தோட்டக்காரருக்கு முக்கியமான வித்தியாசம் இதுவல்ல. காண்டாமிருக வண்டில் மரத்தைக் கெடுப்பது வளர்ந்த வண்டு. விரியாத குருத்தைக் குடைந்து சாற்றைக் குடிக்கும், பிறகு ஓலை விரியும்போது கத்தரியால் நறுக்கியதுபோல் முக்கோண வெட்டுகள் தெரியும். அதன் புழு மரத்தின் பக்கமே வராது, எருக்குழியிலும் மட்கிய தென்னந்தடியிலும் கிடந்து வளரும். கூன்வண்டு நேர் எதிர். வண்டால் பெரிய சேதமில்லை, காலில்லாத அதன் புழுதான் தண்டுக்குள்ளேயே இருந்து தின்று தீர்க்கும். வெளியே ஓலை பச்சையாகவே இருக்கும், நமக்குத் தெரியவரும்போது பல சமயம் கொண்டையே சாய்ந்திருக்கும்.

அதனால் முதலில் தண்டைப் பாருங்கள். ஓட்டை, அதில் வழியும் பழுப்புச் சாறு, மென்று தள்ளிய நார் இருக்கிறதா? காதை ஒட்டிவைத்தால் புழு கடிக்கும் சத்தம்கூடச் சில சமயம் கேட்கும். அப்புறம் எருக்குழியைக் கிளறிப் புழுக்களைப் பொறுக்குங்கள், புழுக்களுக்கு நோய் வரவைத்துக் கொல்லும் பச்சை மஸ்கார்டைன் பூஞ்சையையும் அதில் இடலாம், குருத்தில் இருக்கும் வண்டைக் கம்பிக் கொக்கியால் எடுத்துவிடுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள், ஏனென்றால் காண்டாமிருக வண்டு போட்ட காயத்தில்தான் கூன்வண்டு வந்து முட்டையிடும். பச்சை மட்டையை வெட்டினாலும் அதே கதை, வெட்டியே ஆகவேண்டுமென்றால் தண்டிலிருந்து 4 அடி விட்டு வெட்டுங்கள். வாசனையால் வண்டை இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி வைப்பதானால் இரண்டுக்கும் தனித்தனி வாசனைப் பொருள் வாங்க வேண்டும், ஒன்றின் வாசனைக்கு மற்றது வராது.