ட்ரென்ட் செவர்ன் நீர்வழியில் படகுப் பயணம்: ஓய்வுபெற்றவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கனடாவில், ஒன்ராறியோ ஏரிப் பக்கம் ட்ரென்ரனில் தொடங்கி, ஹூரோன் ஏரியின் ஜோர்ஜியன் குடாவில் போர்ட் செவர்னில் முடிகிறது ட்ரென்ட் செவர்ன் நீர்வழி. 386 கிலோமீட்டர். ஆறும் ஏரியும் வெட்டிய கால்வாயும் மாறி மாறி வரும். வேலையை விட்டதிலிருந்து நானும் மனைவியும் கோடைகாலத்தை இதில்தான் கழிக்கிறோம். ஓய்வுபெற்ற பலரும் கேட்டனுப்பிய கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: எனக்கு 66, மனைவிக்கு 62. இரண்டு பேருமே படகு ஓட்டியதில்லை. எங்களால் முடியுமா, அண்ணை?

முடியும். வாடகைக்கு வீட்டுப்படகு எடுத்தால், படகுக்காரர் உங்களோடு இருந்து ஒரு பாதுகாப்புப் பட்டியலை நிரப்பி, ஓட்டவும் காட்டித் தருவார். அந்த வாடகைக் காலத்துக்கு அந்தப் பட்டியலே உங்கள் அனுமதி. சொந்தப் படகு என்றால் படகோட்டி அட்டை வேண்டும். ஒரு தரம் சோதனை எழுதி எடுத்தால் ஆயுளுக்கும் செல்லும்.

ஒன்றை மட்டும் கட்டாயமாகச் சொல்வேன்: இரண்டு பேரும் ஓட்டப் பழகுங்கள். பெரும்பாலான படகுகளில் கணவர் சுக்கான் பிடிப்பார், மனைவி முன்னால் கயிற்றோடு நிற்பார், கடைசிவரை அப்படியே போகும். ஏரி நடுவில் கணவருக்கு நெஞ்சு வலி வந்தால் படகைக் கரை சேர்ப்பது யார்? உண்மையில் பலம் வேண்டியது கயிற்றுக்குத்தான், சுக்கானுக்கு அல்ல. எங்கள் படகில் லொக் (படகை ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டி) வந்தால் மனைவிதான் ஓட்டுவார்.

கேள்வி: லொக் என்றாலே பயமாக இருக்கிறது. உள்ளே என்னதான் நடக்கும்?

இரு பக்கமும் கதவுள்ள ஒரு பெரிய தொட்டிக்குள் படகை விட்டு, தண்ணீரை நிரப்பியோ வடித்தோ உங்களை ஏற்றி இறக்குகிறார்கள், அவ்வளவுதான். இந்த வழியில் இப்படி நாற்பதுக்கு மேல் உண்டு. மூன்றாவது லொக்கில் பயம் போய்விடும்.

லொக்குக்கு முன்னாலுள்ள கரைச் சுவரில் நீலக் கோடு போட்ட பகுதி இருக்கும். அங்கே படகைக் கட்டினால் உள்ளே போகக் காத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். வேறிடத்தில் கட்டினால், இளைப்பாற நிற்கிறீர்கள் என்று உங்களை விட்டுவிடுவார்கள். ஊழியர் கை காட்டியதும் நடைவேகத்தில் உள்ளே போங்கள். சுவரில் மேலிருந்து கீழ்வரை கறுப்பு உறை போட்ட வடங்கள் தொங்கும். முன்கயிற்றை ஒரு வடத்தைச் சுற்றி எடுங்கள், பின்கயிற்றை இன்னொன்றைச் சுற்றி எடுங்கள், நுனியைக் கையிலேயே வைத்திருங்கள். முடிச்சுப் போடவே கூடாது. தண்ணீர் இறங்கும்போது முடிச்சு இறுகினால் படகு சுவரில் தொங்கிவிடும். எஞ்சினை நிறுத்த வேண்டும், சிகரெட்டும் அடுப்பும் கூடாது.

ஏறும்போது தண்ணீர் அடியிலிருந்து கொப்பளித்து வரும், படகு கொஞ்சம் இழுபடும். முன்கயிற்றை விடாமல் பிடித்தால் போதும். சுவர் பாசி பிடித்து ஈரமாக இருக்கும். அதைக் கையால் தள்ளப் போகாதீர்கள், இடையில் விரல் அகப்பட்டால் போச்சு. ஃபென்டர் என்கிற காற்றுப் பைகளை இரண்டு பக்கமும் தொங்கவிட்டால், அவையே உரசலைத் தாங்கிக்கொள்ளும். சில லொக்குகளில் இன்றைக்கும் ஊழியர்கள் கம்பைத் தள்ளிக்கொண்டு சுற்றிச் சுற்றி நடந்துதான் கதவைத் திறக்கிறார்கள். அவசரப்படுத்தாதீர்கள், ஒரு வணக்கம் சொல்லிக் கதையுங்கள். அடுத்த லொக்கில் எத்தனை படகு நிற்கிறது, எங்கே நல்ல பாண் வாங்கலாம் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

கேள்வி: பீற்றர்பரோவில் படகை அப்படியே மேலே தூக்குகிறார்களாமே? மின்சாரத்தாலா?

இல்லை, தண்ணீரின் பாரத்தால். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

இரண்டு பிரமாண்டமான இரும்புத் தொட்டிகள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு பெரிய உருளைத் தண்டு. தண்டுகள் நிற்கும், தண்ணீர் நிறைந்த உருளைகளை ஒரு குழாய் இணைக்கிறது, அதனால் தராசுத் தட்டுகள் போல ஒன்று இறங்கினால் மற்றது ஏறும். மேலே நிற்கும் தொட்டியை, மேல் கால்வாயின் மட்டத்துக்கு ஏறக்குறைய 30 சென்ரிமீட்டர் கீழே நிறுத்துகிறார்கள். கதவைத் திறந்ததும் அந்த 30 சென்ரிமீட்டர் உயரத் தண்ணீர் கூடுதலாக உள்ளே வரும். அதுவே நூறு தொன்னுக்கு மேற்பட்ட பாரம். குழாயின் அடைப்பைத் திறந்தால், பாரம் கூடிய தொட்டி இறங்கும், கீழேயிருந்த தொட்டி உங்களையும் படகையும் ஏற்றிக்கொண்டு மேலே வரும். 19.8 மீட்டர் உயரம், இரண்டு நிமிடம்கூட ஆகாது. சத்தமும் குலுக்கலும் பெரிதாக இருக்காது. ஊர்க் கூரைகள் கீழே போவதைப் பார்த்துத்தான் ஏறுகிறோம் என்றே தெரியும்.

ஒரு தொட்டியில் பத்துப் படகும் மற்றதில் ஒன்றுமே இல்லாமலும் இருந்தால் என்ன செய்வார்கள் என்று பலர் கேட்பார்கள். ஒன்றும் செய்யத் தேவையில்லை. மிதக்கும் படகு தன் எடையளவு தண்ணீரை வெளியே தள்ளிவிடுகிறது, ஆகவே படகு வந்தாலும் வராவிட்டாலும் தொட்டியின் மொத்த எடை மாறாது. ரிச்சர்ட் பேர்ட்சால் ரோஜர்ஸ் என்ற பொறியியலாளர் கட்டி, 1904 ஜூலையில் திறந்த அமைப்பு இது. இதே வகையில், கொஞ்சம் சிறிதாக, 1907 இல் கிர்க்ஃபீல்டில் இன்னொன்று வந்தது. பீற்றர்பரோவில் ஏறுவீர்கள், கிர்க்ஃபீல்டில் இறங்குவீர்கள். கிர்க்ஃபீல்டில் மேலிருந்து எட்டிப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும், உண்மைதான்.

கேள்வி: ஓரிடத்தில் படகைத் தண்டவாளத்தில் ஏற்றி றோட்டைக் கடப்பார்களாமே?

பிக் ஷூட். தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் ஒரு வண்டிக்குள் படகை ஓட்டிப் போக வேண்டும். பட்டைகளால் தாங்கிப் பிடித்து, மேட்டின் மேலால் இழுத்துக்கொண்டு போய், அந்தப் பக்கம் ஏறக்குறைய 18 மீட்டர் கீழே இறக்கிவிடுவார்கள். படகு முழு நேரமும் சாயாமல் நேராகவே இருக்கும். முதல் வண்டி 1917 இல் வந்தது, இப்போதுள்ளது 1978 இலிருந்து ஓடுகிறது. அங்கே லொக் கட்டாததற்குப் பெரிய காரணம் லாம்ப்ரே என்கிற மீன். மற்ற மீன்களில் ஒட்டி இரத்தம் உறிஞ்சும் அது, லொக் இருந்தால் ஜோர்ஜியன் குடாவிலிருந்து உள்ஏரிகளுக்குள் வந்துவிடும்.

கேள்வி: அப்படியானால் ஆபத்து எதில்தான் இருக்கிறது?

ஏரியில். லொக்குக்குப் பயப்படும் பலர் சிம்கோ ஏரியைச் சாதாரணமாக நினைக்கிறார்கள். 720 சதுர கிலோமீட்டருக்குக் கிட்டிய திறந்த ஏரி அது. காற்று எழுந்தால் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும், ஒன்றன்மேல் ஒன்றாக வரும். தட்டையான வீட்டுப்படகு அதைத் தாங்காது. விடியவே கடந்துவிடுங்கள். ஏரிக்கு முந்திய லொக்கில் காற்று எப்படி என்று கேளுங்கள், சரியில்லை என்றால் அங்கேயே கட்டிப் படுங்கள். 'பிள்ளைகள் அக்கரையில் ஒரிலியாவுக்கு வந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள்' என்பது ஏரியில் இறங்குவதற்குக் காரணமே இல்லை. தொலைபேசியில் சொன்னால் அடுத்த நாள் வருவார்கள்.

அடுத்தது பாறை. ஸ்ரோனி ஏரியில் கருங்கல் தீவுகளும் நீருக்குள் மறைந்த பாறைகளும் நிறைய. ரைஸ் ஏரியில் பழைய ரயில் பாதையின் மேடு ஒன்று தண்ணீருக்குள் கிடக்கிறது. வரைபடத்தையும் வழிகாட்டும் மிதவைகளையும் விட்டு விலகாதீர்கள். ட்ரென்ரனிலிருந்து ஏறும்போது சிவப்பு மிதவை வலப்பக்கம், பச்சை இடப்பக்கம். கடல்மட்டத்திலிருந்து 256 மீட்டர் உயரத்திலுள்ள பால்சம் ஏரிதான் இந்த வழியின் உச்சி. அதைத் தாண்டிக் கிர்க்ஃபீல்டில் இறங்கியதும் ஒழுங்கு தலைகீழாகிறது: சிவப்பு இடப்பக்கம், பச்சை வலப்பக்கம். இதைத் தாளில் எழுதிச் சுக்கானுக்கு முன்னால் ஒட்டிவிடுங்கள்.

கேள்வி: சோறு கறி சமைக்கலாமா? கழிவறை?

தாராளமாகச் சமைக்கலாம், குசினி இருக்கும். தாளிப்பதையும் மீன் பொரிப்பதையும் வெளித்தட்டில் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மெத்தை வரைக்கும் மணக்கும். கழிவறைத் தண்ணீரை ஏரியில் விடுவது குற்றம். தொட்டியில் சேர்த்து, படகுத்துறையில் உறிஞ்சி எடுக்கக் கொடுக்க வேண்டும். மது குடிப்பதென்றால் கட்டி நிற்கும்போது மட்டும், ஓடும்போது கூடாது.

கேள்வி: எனக்கு நீரிழிவு, அவருக்கு இரத்த அழுத்தம். வைத்தியர் விடுவாரா, ஐயா?

அதை வைத்தியரிடமே கேளுங்கள், தங்கச்சி. பயணத்தைப் பொறுத்தவரை வசதி என்னவென்றால், நீங்கள் ஊர்களை விட்டு நெடுந்தூரம் போவதில்லை. காம்பல்ஃபோர்ட், பீற்றர்பரோ, பொப்கேஜியன், ஃபெனலன் ஃபோல்ஸ், ஒரிலியா எல்லாம் வழியிலேயே வருகின்றன. மருந்தை இரண்டாகப் பிரித்து இரண்டு பைகளில் வையுங்கள். ஒரு பை தண்ணீரில் விழுந்தாலும் மற்றது இருக்கும். செவர்ன் ஆற்றுப் பக்கம் ஆள் நடமாட்டம் குறைவு, அந்தப் பகுதிக்குப் போகுமுன் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்?

ஒரு கிழமையில் ஓடி முடிக்கலாம், ஆனால் ஓட்டம்தான் மிஞ்சும். கால்வாய்ப் பகுதிகளில் மணிக்கு 10 கிலோமீட்டர்தான் வேக எல்லை. இரண்டு கிழமை எடுத்து ஆறுதலாகப் போங்கள். அனுமதிச் சீட்டு இருந்தால் இரவில் லொக் கரையிலேயே கட்டிப் படுக்கலாம். பின்நேரம் கதவெல்லாம் மூடியபிறகு புல்தரையில் நாற்காலி போட்டு உட்காருவதற்கு எந்த விடுதியும் ஈடில்லை.

கேள்வி: வெள்ளைக் கொடி கட்டிய அமெரிக்கப் படகுகளைக் கண்டேன். அவர்கள் யார்?

கிரேட் லூப் போகிறவர்கள். அட்லாண்டிக் கரையோரம், ஹட்சன் ஆறு, ஈரி கால்வாய், இந்த நீர்வழி, மிச்சிகன் ஏரி, பிறகு ஆறுகளால் மெக்சிகோ வளைகுடா என்று கிழக்கு அமெரிக்காவையே சுற்றுகிறார்கள். ஏறக்குறைய 6,000 மைல், வழக்கமாக ஒரு வருடம். நிறையப் பேர் ஓய்வுபெற்ற தம்பதிகள். முடித்ததும் வெள்ளைக்குப் பதிலாகத் தங்க நிறக் கொடி. பக்கத்தில் கட்டினால் பேச்சுக் கொடுங்கள், படகைப் பற்றிக் கேட்டால் உள்ளே கூப்பிட்டே காட்டுவார்கள்.

கேள்வி: எந்த மாதம் நல்லது?

மே மாதம் விக்ரோரியா நாள் வாரயிறுதியில் திறந்து, ஒக்டோபரில் நன்றியறிதல் நாளோடு மூடுவார்கள். ஜூனில் நுளம்பு, ஜூலையிலும் ஓகஸ்டிலும் கூட்டம். பேரப்பிள்ளைகள் வருவதானால் ஓகஸ்ட், நீங்கள் இருவர் மட்டும் என்றால் செப்ரெம்பர் முதல் பாதி. அப்போது லொக் வேலை நேரம் குறையும், அதனால் கிளம்புமுன், இந்த நீர்வழியை நடத்தும் பார்க்ஸ் கனடாவின் நேர அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.