பரண்மேல் கிடக்கும் வீணையை விற்கலாமா?

கேள்வி: பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் வீணை கற்கத் தொடங்கி, வர்ணம் வரை வந்தபின் வேலை மாற்றத்தால் நிறுத்திவிட்டேன். அடுத்த மாதம் சிறிய வீட்டுக்குக் குடிபோகிறோம். அன்று ரூ.16,000 கொடுத்துப் பழைய வீணையாக வாங்கியதற்கு, ஒரு கடைக்காரர் இப்போது ரூ.4,000 தருவதாகச் சொல்கிறார். பழுதுபார்த்து இணையத்தில் விற்பதா, அல்லது வைத்துக்கொள்வதா? விற்பது, கற்ற வித்தைக்குச் செய்யும் அவமரியாதையாகவும் தோன்றுகிறது. (வாசகி, தாம்பரம்)

பதில்: வாசிக்காமல் வைத்திருந்தால் வீணை கெட்டுப்போகும். அதன் 24 மெட்டுகளும் (தந்தியை அழுத்தி வாசிக்கும் உலோகக் கட்டைகள்) மெழுகின்மேல்தான் பதிந்திருக்கின்றன. சில ஆண்டுகளுக்கு முன் என் பெரியம்மாவின் வீணையை உறையிலிருந்து எடுத்தபோது, ஜன்னல் வெயில் பட்ட பக்கம் மெழுகு இளகி மூன்று மெட்டுகள் சாய்ந்திருந்தன. தந்தியைத் தொட்ட விரலில் துரு ஒட்டியது. வீணையின் பெரிய உருண்டைப் பகுதியான குடத்தில் மெல்லிய விரிசலும் கண்டிருந்தது. மரியாதையாக மூடி வைத்ததாகத்தான் நாங்களும் நினைத்திருந்தோம். எனவே, மீண்டும் பாடத்துக்குச் செல்லும் நாளை இப்போதே குறிக்க முடியாவிட்டால், வாசிக்கும் ஒருவர் கைக்கு அதைக் கொடுத்துவிடுங்கள் என்பதே என் கருத்து.

விற்பதற்காக மேளம் கட்டி, அதாவது மெட்டுகளை மெழுகில் மீண்டும் பதித்து, செலவு செய்ய வேண்டாம். வாங்குபவர் எப்படியும் தம் ஆசிரியரின் காதுக்கு ஏற்ப மெட்டுகளைப் புதிதாகப் பதித்துக்கொள்வார். நீங்கள் செய்யும் செலவு விலையில் திரும்பி வராது. நீண்ட கழுத்துப் பகுதியான தண்டி வளைந்திருக்கிறதா, குடத்தில் விரிசல் உண்டா, ஒரே மரத்தில் குடைந்த ஏகாண்ட வீணையா அல்லது ஒட்டு வீணையா என்பவைதாம் விலையைத் தீர்மானிக்கும். இவற்றை வீணை செய்பவர் ஒருவரிடம் காட்டித் தெரிந்துகொண்ட பிறகே ரூ.4,000 நியாயமா என்று பேசுங்கள்.

பழைய வீணை என்பதால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்நாளைய வீணைகளில் ஓரங்களிலும் குடத்திலும் வெள்ளை நிறத்தில் தெரியும் பதிப்பு வேலைப்பாடு, யானைத் தந்தமாகவோ மான்கொம்பாகவோ இருக்கக்கூடும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இவற்றாலான பொருள்களை விற்பது குற்றம். பழையது, பரம்பரையாக வந்தது என்று சொல்வது விற்பனைக்கு அனுமதி ஆகாது. பிளாஸ்டிக் என்று உறுதியாகத் தெரியும்வரை படம் எடுத்து இணையத்தில் விளம்பரம் செய்யாதீர்கள். ஐயம் தீராவிட்டால் வனத்துறை அலுவலகத்தில் எழுத்து மூலமாகத் தெரிவித்து வழி கேளுங்கள்.

இணையத்தில் விற்பதானால், பொருளைப் பார்க்காமலேயே கேட்ட விலைக்கு ஒப்புக்கொண்டு, "பணம் வர இந்தக் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யுங்கள்" என்பவரிடம் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். யுபிஐ வழியாகப் பணம் பெற, உங்கள் ரகசிய எண்ணை (PIN) அழுத்த வேண்டியதே இல்லை. அழுத்தினால் உங்கள் கணக்கிலிருந்துதான் பணம் போகும். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

ஆனால், உங்கள் இடத்தில் நான் இருந்தால் முதலில் உங்களுக்குக் கற்றுக்கொடுத்த ஆசிரியரைத்தான் கேட்பேன். புது வீணை வாங்க இயலாமல் வகுப்பு நேரத்தில் மட்டும் வாசித்துப் பழகும் பிள்ளைகள் யார் என்பது அவருக்குத் தெரியும். அவருடன் தொடர்பு விட்டுப்போயிருந்தால், சென்னை அல்லது திருவையாறு அரசு இசைக் கல்லூரியின் வீணை ஆசிரியர்களிடம் விசாரிக்கலாம். அப்படி ஒரு மாணவிக்கு ரூ.4,000க்கே கொடுத்தாலும் உங்களுக்கு நட்டமில்லை. கடைக்காரர் தருவதும் அவ்வளவுதானே. ஆசிரியர் கைப்பட எழுதித் தந்த பாட நோட்டை மட்டும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், அது எந்தச் சிறிய வீட்டிலும் அடங்கும்.

கொடுக்கும் நாளில் தந்திகளை முறுக்கும் பிருடைகளைத் திருகி அவற்றைச் சற்றுத் தளர்த்தி, தண்டியின் அடியில் உள்ள சுரைக்காயைக் கழற்றித் தனியே துணியில் சுற்றி, வீணையைக் காரின் பின் இருக்கையில் படுக்க வைத்து அனுப்புங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் அதை விட்டுவிட்டு இறங்காதீர்கள், மெழுகு இளகிவிடும்.