ட்ரைலோபைட் புதைபடிவத்தை எப்படி அடையாளம் கண்டு சுத்தம் செய்வது?

ட்ரைலோபைட் என்பது சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன் அற்றுப்போன கடல்வாழ் கணுக்காலி. நடுவில் ஒரு மேடு, இருபக்கமும் ஒவ்வொரு மடல், குறுக்கே வரிவரியாகக் கணுக்கள். இப்படி நீளவாக்கில் மூன்றாகப் பிரிந்திருந்தால் அதுதான்.

புதிதாகச் சேகரிப்பவர்களுக்கு அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கிடைக்கும் எல்ராத்தியா கிங்கி என்ற ட்ரைலோபைட் இனத்தைத்தான் சொல்வேன். அதன் அடிப்புறத்தில் கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமம் தடித்துப் படிந்திருக்கும். அதனால் களிப்பாறையை அடுக்கு வாக்கில் உளியால் பிளந்தாலே பல நேரம் முழுசாகக் கழன்று வரும். ஒட்டியிருக்கும் மிச்சத்தை லென்ஸில் பார்த்தபடி, ஓட்டின் மேல் படாமல் ஊசியால் மெதுவாக நெம்புங்கள். அப்புறம் பழைய டூத் பிரஷ் போதும். வினிகர் மட்டும் வேண்டவே வேண்டாம். அதன் மேலோடும் கால்சைட்தான், கரைந்துவிடும்.

தலையின் இரு ஓரக் கன்னப்பகுதி இல்லாததை உடைந்தது என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் வளர வளர மேலோட்டை உரித்த உயிர் இது, உரிக்கும்போது கன்னப்பகுதி தனியே கழன்றுவிடும். கிடைப்பதில் பலவும் பாம்புச் சட்டை போல உரித்துப்போட்டவையே.