நான் ஜெயித்தவளா, தோற்றவளா?

கேள்வி: எங்கள் வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி. பி.காம். முடித்துவிட்டு மாங்கூழ் ஆலை ஒன்றில் கணக்கு பார்க்கிறேன். சீசனில் எடை மேடையில் சீட்டு போடுவதும் என் வேலை. படிக்கத் தெரியாத பெரியவர்கள் சீட்டைத் திருப்பி நீட்டுவார்கள். வண்டி எடை இவ்வளவு, கழிவு இவ்வளவு, உங்கள் காய் இவ்வளவு என்று நிதானமாகப் படித்துக் காட்டுவேன். அப்போது மனசு நிறைந்திருக்கும். ஆனால் கூடப் படித்தவர்கள் பெங்களூரில் ஐ.டி. வேலையில் இருக்கிறார்கள். மாந்தோப்பு வைத்திருக்கும் அப்பாவோ, சர்க்கார் வேலை வாங்கினால்தான் படிப்புக்கு மரியாதை என்கிறார். நான் ஜெயித்தவளா, தோற்றவளா?
– பெயர் வேண்டாம், காவேரிப்பட்டினம்

பதில்: தோற்றவள் இல்லை அம்மா. நிச்சயமாக இல்லை.

தருமபுரியில் வணிகவியல் நடத்திய காலத்தில், கடைசி வருடப் பிள்ளைகளிடம் வெற்றி என்றால் என்ன என்று கேட்பேன். பையன்கள் வீட்டுக் கடனையும் தங்கை கல்யாணத்தையும் சொல்வார்கள். பெண்கள், "கல்யாணத்துக்கு முன்னாடி என் பேர்ல ஒரு சம்பளம் வரணும் சார்" என்பார்கள். கார், பங்களா என்று யாரும் ஆரம்பித்ததில்லை. அதே பிள்ளைகள் வேலைக்குப் போய்ப் பார்க்க வரும்போது பேச்சே மாறியிருக்கும். எந்தக் கம்பெனி, யாருக்கு எவ்வளவு பேக்கேஜ்! கடன் அடைந்திருக்கும், தங்கைக்குக் கல்யாணமும் ஆகியிருக்கும். ஆனால் அதை வெற்றிக் கணக்கில் சேர்க்கவே மாட்டார்கள். எனக்கு அது வருத்தமாக இருக்கும். கல்லூரியை விட்டு வரும்போது நீங்கள் எதை ஆசைப்பட்டீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். பாதியாவது கைக்கு வந்திருக்கும்.

அப்பாவைக் கோபிக்காதீர்கள். காய் நிறைய காய்த்த வருடம் பெங்களூரா ரக மாங்காய்க்கு விலை இருக்காது. விலை இருக்கிற வருடம் காய் இருக்காது. அதிலேயே காலம் தள்ளியவருக்கு, ஒன்றாம் தேதி சம்பளம் வருகிற வேலைதான் பெரிதாகத் தெரியும். உங்களுக்கு அந்த நிச்சயம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சீசன் இல்லாத மாதங்களிலும் சம்பளம் உண்டா? நியமனக் கடிதம் கொடுத்தார்களா? 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலை என்றால் பி.எஃப். பிடிக்க வேண்டும், உங்கள் பங்கு 12 சதவீதம். யு.ஏ.என். என்கிற உங்கள் பி.எஃப். எண்ணை வைத்துப் பாஸ்புக்கைப் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால் அப்பாவிடமும் காட்டுங்கள். இல்லையென்றால் வேலை மனசுக்குப் பிடித்திருந்தாலும் வேறு இடம் தேடத்தான் வேண்டும். ஜி.எஸ்.டி. தாக்கல் பழகிக்கொள்ளுங்கள். ஓசூர் வரைக்கும் அந்த வேலைக்கு ஆள் கேட்பார்கள்.

குரூப் 4 எழுதுங்கள், தப்பே இல்லை. பத்தாம் வகுப்பு தகுதிதான், ஆனாலும் பட்டதாரிகள் உட்பட லட்சக்கணக்கானோர் எழுதுகிறார்கள்; இடங்கள் சில ஆயிரம்தான். அதனால் இருக்கிற வேலையை விட்டுவிட்டுப் படிக்க உட்காராதீர்கள். சீசன் முடிந்து ஆலையில் கூட்டம் குறைந்ததும் படிக்க ஆரம்பித்தால் போதும்.