பிரவுன்ஸ் தோற்பதற்கு யாரைக் குறை சொல்வது: குவார்ட்டர்பேக்கையா, டிஃபென்ஸையா, டிராஃப்டையா?

"திங்கட்கிழமை வந்தால் அலுவலகத்தில் எல்லாரும் பிரவுன்ஸ் குவார்ட்டர்பேக்கைத் திட்டுகிறார்கள். உண்மையில் தப்பு யாருடையது?" என்று கேட்டிருக்கிறீர்கள். வேலைக்காக பிரவுன்ஸின் ஊரான கிளீவ்லாண்ட் வந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது என்று நினைக்கிறேன். நான் 2009இல் வந்தேன். பிரவுன்ஸ் ஆடும் இந்த அமெரிக்கக் கால்பந்தை ஒரு நாளும் விளையாடியதில்லை, பயிற்சியாளர்களுக்குத் தெரியும் நுணுக்கமெல்லாம் எனக்குத் தெரியாது. அதைச் சொல்லி யாரும் சண்டைக்கு வர வேண்டாம். இத்தனை வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்துப் பார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

எதிரணியைத் தடுக்கிற டிஃபென்ஸ் மேல் பெரிய தப்பு இல்லை. பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற குவார்ட்டர்பேக் மேல் பாதித் தப்புகூட இல்லை. மேலே உட்கார்ந்து ஆள் எடுப்பவர்களின் அவசரம்தான் காரணம். அந்த அவசரத்துக்கு ரசிகர்களான நாங்களும் துணை போயிருக்கிறோம், நானும்தான். அதைச் சொல்லத்தான் இந்தப் பதில்.

2021 நவம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை. டெட்ராய்ட் லயன்ஸோடு ஆட்டம். என் மகனுக்கு அப்போது 10 வயது. அந்த வருஷம் ஜனவரியில்தான் பிட்ஸ்பர்க்கை அவர்கள் மைதானத்திலேயே 48-37 என்று பிரவுன்ஸ் அடித்து நொறுக்கியிருந்தது. 1994 சீசனுக்குப் பிறகு பிளேஆஃபில், அதாவது சீசன் முடிவு நாக்-அவுட் சுற்றில், கிடைத்த முதல் வெற்றி. எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் அன்று இரவு பனியில் வாசலுக்கு வந்து நின்று அழுதார். 1995 சீசனோடு அணியையே பால்டிமோருக்குத் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்த மனுஷன் அவர். மறுநாளே மகன் கேட்டான் என்று அப்போதைய குவார்ட்டர்பேக் பேக்கர் மேஃபீல்டின் 6ஆம் எண் சட்டை வாங்கிக் கொடுத்தேன். ஒரு அளவு பெரிதாகவே வாங்கினேன், இரண்டு வருஷம் போடட்டும் என்று.

லயன்ஸ் அந்த சீசனில் அதுவரை ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. சுலபமாக அடிப்போம் என்று போனோம். நான் ஏற்கனவே எரிச்சலில்தான் இருந்தேன். முந்தின நாள் தமிழ்ச் சங்கத்தில் தீபாவளி விழா. நாலு மணி என்று அழைப்பிதழில் போட்டுவிட்டு ஆறரைக்குக் குத்துவிளக்கு ஏற்றினார்கள். பையனின் நாடகத்தை ஒன்பதரை மணிக்கு மேடை ஏற்றினார்கள். வேஷம் போட்டுக்கொண்டு ஐந்து மணி நேரம் பிள்ளைகள் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள். நன்கொடையாளர்களுக்குப் பொன்னாடை போர்த்த மட்டும் நேரம் இருக்கிறது! பிள்ளைகள் நிகழ்ச்சியை முதலில் வைத்தால் என்ன குறைந்துவிடும்? வருஷா வருஷம் கேட்கிறேன், வருஷா வருஷம் இதே கதை. சரி, அது வேறு விஷயம்.

மேஃபீல்டுக்கு அன்று உடம்பில் நல்ல பாகமே இல்லை. இரண்டாவது வாரமே இடது தோளில் அடி, உள்ளே சவ்வு கிழிந்து பட்டை கட்டிக்கொண்டு ஆடினார். காலிலும் வலி. பந்து இலக்குக்கு முன்னாலேயே விழுந்தது, எதிராளிகள் பிடித்துக்கொண்ட இன்டர்செப்ஷன் இரண்டு வேறு. முதலில் பின்வரிசையில் ஒருவர் "பூ" என்று ஊளையிட்டார். அப்புறம் எங்கள் பகுதி முழுவதும். கையிலிருந்த காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் வாயருகே குவித்து நானும் ஊளையிட்டேன். ஒரு தடவை இல்லை, நாலைந்து தடவை.

ஆட்டம் 13-10 என்று முடிந்தது. பந்தோடு ஓடுகிற நிக் சப் ஓடி ஓடியே காப்பாற்றினார். ஜெயித்த குவார்ட்டர்பேக் யாரிடமும் பேசாமல் தலையைக் குனிந்து உள்ளே போனார். படி இறங்கும்போது என் மகன் மேல்கோட்டின் ஜிப்பைக் கழுத்து வரை ஏற்றி, உள்ளே இருந்த 6ஐ மறைத்துக்கொண்டான். "அப்பா, நாமதானே ஜெயிச்சோம்?" என்று கேட்டான். பதில் சொல்லத் தெரியவில்லை. கார் நிறுத்தும் இடம் வரை இருவரும் பேசவில்லை.

நான்கு மாதம்தான். 2022 மார்ச்சில் ஹூஸ்டன் அணியிடம், கல்லூரி ஆட்டக்காரர்களை எடுக்கும் டிராஃப்டில் மூன்று முதல் சுற்று வாய்ப்புகளைக் கொடுத்து குவார்ட்டர்பேக் டெஷான் வாட்சனை வாங்கினார்கள். சம்பளம் ஐந்து வருஷத்துக்கு 23 கோடி டாலர், ஆடினாலும் ஆடாவிட்டாலும் முழுவதும் உத்தரவாதம். அவர்மேல் 20க்கும் மேற்பட்ட பெண்கள் பாலியல் அத்துமீறல் என்று சிவில் வழக்குப் போட்டிருந்தார்கள். அவர் மறுத்தார். லீக் 11 ஆட்டம் தடை விதித்தது. அதற்குப் பிறகு தோள் காயம், 2024இல் குதிகால் தசைநாண் அறுந்தது, 2025 தொடக்கத்தில் மறுபடி அறுந்தது. காயத்துக்கு ஆளைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த விலையைக் கொடுத்தது யார்?

நீங்கள் புதியவர் என்பதால் டிராஃப்ட் பற்றி ஒரு வார்த்தை. ஐபிஎல் ஏலம் போலக் காசை வீசி ஆள் எடுக்க முடியாது. கல்லூரியிலிருந்து வருகிற பிள்ளைகளை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும். கடைசியில் இருக்கும் அணிக்கு முதல் இடம். தோற்கிற அணி எழுந்து நிற்க இருக்கிற ஒரே ஏணி அதுதான். அதைத்தான் மூன்று வருஷத்துக்கு விற்றார்கள்.

இதில் வயிறு எரிகிற விஷயம் ஒன்று. 2017 டிராஃப்டில் 12ஆம் இடம் பிரவுன்ஸ் கையில் இருந்தது. அதை ஹூஸ்டனுக்குத் தள்ளிவிட்டார்கள். ஹூஸ்டன் அந்த இடத்தில் எடுத்தது யாரை? இதே வாட்சனை! சும்மா கிடைத்திருக்க வேண்டிய ஆளை ஐந்து வருஷம் கழித்து வீட்டை அடகு வைத்து வாங்கினார்கள். விற்ற முதல் சுற்று வாய்ப்புகளில் ஒன்றை வைத்துத்தான் 2023இல் ஹூஸ்டன் டிராஃப்ட் வரிசையில் மேலே ஏறி டிஃபென்ஸ் ஆட்டக்காரர் வில் ஆண்டர்சனை எடுத்தது. அந்த சீசனில் பிளேஆஃபில் நம்மை 45-14 என்று வீட்டுக்கு அனுப்பிய ஹூஸ்டன் அணியில் அவரும் இருந்தார்.

"45 விட்டுக்கொடுத்த டிஃபென்ஸைத்தானே தூக்கிப் பிடிக்கிறாய்" என்று யாராவது எழுதுவீர்கள். அந்த 45இல் 14 புள்ளி, நம் குவார்ட்டர்பேக் ஜோ ஃபிளாக்கோ எறிந்த பந்துகளை எதிராளிகள் பிடித்துக்கொண்டு ஓடி எடுத்தவை. ஹூஸ்டன் குவார்ட்டர்பேக் சி.ஜே. ஸ்ட்ரவுடிடம் டிஃபென்ஸும் திணறியது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த 2023 சீசன் முழுவதும் லீக்கிலேயே எதிரணியை மிகக் குறைந்த தூரம் (யார்டு) முன்னேற விட்ட அணி இதுதான். அக்டோபரில் ஒரு தோல்விகூட இல்லாமல் வந்த சான் பிரான்சிஸ்கோவை 19-17 என்று மடக்கினார்கள். அன்று நம் குவார்ட்டர்பேக் மாற்று ஆட்டக்காரர் பி.ஜே. வாக்கர். அந்த ஒரே சீசனில் 5 பேர் அந்த இடத்தில் தொடங்கினார்கள். டிஃபென்ஸில் ஆடும் மைல்ஸ் கேரட் மூன்று பேர் தடுத்தாலும் தோளைத் தாழ்த்திப் புகுந்து வருவதை மைதானத்தில் ஒரு தடவை பாருங்கள், அப்புறம் டிஃபென்ஸைப் பேசுவோம். நம் ஆட்கள் பந்தை இழந்து, டிஃபென்ஸ் மூச்சு வாங்கி உட்காருவதற்குள் மறுபடி எழுந்து ஓட வேண்டும் என்றால் அவர்களும் மனிதர்கள்தானே.

1999இல் கிளீவ்லாண்டுக்கு அணி திரும்ப வந்ததிலிருந்து 40 பேருக்கு மேல் குவார்ட்டர்பேக்காகத் தொடங்கியிருக்கிறார்கள். டிம் கவுச், 28 வயதில் முதல் சுற்றில் எடுத்த பிராண்டன் வீடன், 2014இல் ஜானி மான்சீல். சிலர் உண்மையிலேயே தவறான தேர்வு, அதை மறுக்கவில்லை. மேஃபீல்ட் அப்படி இல்லை. முதல் மூன்று சீசனில் நான்கு தலைமைப் பயிற்சியாளர்களைப் பார்த்தார். அதையும் தாண்டி 11 வெற்றி, 5 தோல்வி என்ற நிலைக்குக் கொண்டு வந்தார். காயத்தோடு ஆடிய ஒரு மோசமான வருஷத்துக்காகத் துரத்தினோம். டாம்பா அணிக்குப் போய் 2023, 2024 இரண்டு வருஷமும் லீக்கில் அவர்கள் பிரிவை (டிவிஷனை) ஜெயித்துக் கொடுத்தார். "இங்கே இருந்திருந்தால் அப்படி ஆடியிருக்க மாட்டார்" என்பார்கள். இருக்கலாம். அப்படியானால் தப்பு இந்த இடத்தில்தானே, ஆளில் இல்லையே?

2025 ஏப்ரலில் நடந்த டிராஃப்டில், இரண்டாம் இடத்தை ஜாக்சன்வில் அணிக்கு விட்டுக்கொடுத்து ஐந்தாம் இடத்தில் டிஃபென்ஸ் ஆட்டக்காரர் மேசன் கிரகாமை எடுத்தார்கள், கூடவே அடுத்த வருஷத்துக்கு ஒரு முதல் சுற்று வாய்ப்பு. எல்லாரும் திட்டினார்கள், நான் சரி என்றேன். முதல் தடவையாக அவசரப்படவில்லை. ஆனால் மூன்றாம் சுற்றில் டிலன் கேப்ரியல், ஐந்தாம் சுற்றில் ஷெடூர் சாண்டர்ஸ் என்று ஒரே டிராஃப்டில் இரண்டு குவார்ட்டர்பேக் எடுத்தார்கள். இரண்டு பிள்ளைகளில் யாருக்கு எத்தனை ஆட்டம் பொறுமை காட்டுவார்கள் என்பதுதான் அப்போது என் கவலை.

2025இல் என் மகனுக்கு 14 வயது. அந்த 6ஆம் எண் சட்டை தோளில் ஏறாது, ஆனாலும் பழைய துணி மூட்டையில் போடச் சொன்னால் கேட்பதில்லை. அந்த டிராஃப்ட் முடிந்ததும், கேப்ரியலோ சாண்டர்ஸோ முதலில் இறங்குகிற உள்ளூர் ஆட்டத்துக்கு டிக்கெட் எடுத்துத் தரச் சொன்னான். எடுத்துத் தருவதாகச் சொன்னேன். "நீங்க ஊளையிடக் கூடாது" என்றான். மாட்டேன் என்று கையடித்துக் கொடுத்தேன்.