ஏழு பேர் வந்த இரவு

அன்புள்ள ஐயா,

நாங்கள் ஐந்து பேர். கோவையில் ஒரு காபிக் கடையின் மொட்டைமாடியில் இரண்டு வருடமாக மாதம் ஒருமுறை வாசிக்கிறோம். எல்லாம் சொந்தப் பாட்டு, நம்ம ஊர்ப் பேச்சில். நாற்பது பேர் வருவார்கள், மழை என்றால் ஏழு பேர். வருகிறவர்கள் சினிமா பாட்டு கேட்கிறார்கள். பத்து மணிக்குச் சத்தத்தை நிறுத்தச் சொல்கிறார்கள். ரீல்ஸ் பார்க்கிறவர்கள் நேரில் வருவதில்லை. கூட்டம் இல்லாததால் ஜூன், ஜூலை வாசிக்கவில்லை. சென்னைக்குப் போய்விடலாமா? பீட்டில்ஸ்கூட ஊரைவிட்டுப் போய்த்தானே பெரிய ஆளானார்கள்?

(பேஸ் கிட்டார் வாசிக்கும் ஒரு வாசகர், கோவை)

அன்புள்ள தம்பி,

போன வாரம் எங்கள் ஊரில் மாரியம்மன் நோம்பி. எல்இடி திரை இருந்தது, ஆர்க்கெஸ்ட்ரா இருந்தது, உடுக்கைக்காரர் இல்லை. அதையே நினைத்துக்கொண்டிருந்தபோது உங்கள் கடிதம் வந்தது.

பத்து மணிக் கட்டுப்பாடு 2000ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. ஏழு மணிக்குத் தொடங்குங்கள். சினிமா பாட்டு ஒன்று பாடினால் குடி முழுகிவிடாது. ரீல்ஸ் உங்கள் இஷ்டம்.

பீட்டில்ஸ் 1960இல் ஹாம்பர்க் போனார்கள், சரி. போய் என்ன செய்தார்கள்? முதலில் கிடைத்த கிளப்பில் 48 இரவு வாசித்தார்கள். அப்புறம் சொந்த ஊரான லிவர்பூலில், ஒரு நிலவறை கிளப்பில், 1961 முதல் 1963 வரை முந்நூறு முறைக்குக் கொஞ்சம் குறைவாக. அதில் பாதிக்கு மேல், வேலைக்குப் போகிறவர்கள் சாப்பாட்டு நேரத்தில் வந்து கேட்டுவிட்டுப் போன மதியக் கச்சேரிகள். ஊரைவிட்டுப் போனதை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டீர்கள்.

ஜூன், ஜூலை வாசிக்கவில்லை என்று எவ்வளவு சாதாரணமாக எழுதுகிறீர்கள்! படித்ததும் கோபம்தான் வந்தது. புளியம்பட்டியில் வியாழக்கிழமை சந்தை. அதற்கு யாராவது போஸ்டர் ஒட்டிப் பார்த்திருக்கிறீர்களா? வியாழன் என்றால் சந்தை, அவ்வளவுதான். மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தவர் ஒரு வாரம் வெறும் திடலைப் பார்த்துத் திரும்பினால் அடுத்த வாரம் வேறு சந்தைக்குப் போய்விடுவார். நீங்கள் இரண்டு மாதம் திடலைக் காலியாகப் போட்டுவிட்டு ஆள் வரவில்லை என்கிறீர்கள்.

அமுச்சி, அதாவது அம்மாவைப் பெற்றவர், ஊர் காங்கயம் பக்கம். 1965இல் பிரெண்டா பெக் என்ற ஆய்வாளர் டேப் ரெக்கார்டரில் பொன்னர், சங்கர் என்ற அண்ணன் தம்பிகளின் கதையான அண்ணன்மார் கதையைப் பதிவு செய்தது அந்தப் பகுதியில்தான். நான் கேட்டது அதற்கு ரொம்பப் பின்னால், பள்ளிக்கூடத்துப் பையனாக. கோயில் திடலில் ராத்திரி ராத்திரியாகக் கதை நடக்கும். பாட்டுக்காரர் உட்கார்ந்ததும் உடுக்கையின் நடுக்கயிற்றை அழுத்தி இரண்டு தட்டுத் தட்டிப் பார்ப்பார். சுருதி சேர்ந்ததும், "நேத்து எங்க உட்டமுங்?" என்பார். அவருக்குத் தெரியாமலா? ஆனாலும் கேட்பார். முன்வரிசைக் கிழவிகள் சொல்ல வேண்டும்.

ஒருநாள் தூறல். அண்ணன்மார் கொம்பன் என்ற காட்டுப்பன்றியை வேட்டையாடப் புறப்பட வேண்டிய இரவு அது. ஊரே காத்திருந்த இடம். திடலில் ஏழெட்டுப் பேர்தான், அதில் நானும் அமுச்சியும். சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவர் எழுந்து போகவில்லை, வேட்டையையும் தொடங்கவில்லை. "வராதவிய அதையக் கேக்காம போயிருவாங்க சாமி" என்று சொல்லிவிட்டு, கதையில் பின்னால் போய், அண்ணன்மாரின் அம்மா தாமரை பிள்ளை வரம் கேட்டுத் தவமிருந்ததை மறுபடி எடுத்தார். முதல் தடவை அரைமணியில் முடித்ததை அன்று விடிய விடியப் பாடினார். பின்பாட்டுக்காரர் "ஆமா" சொல்லவும் மறந்து கேட்டுக்கொண்டிருந்தார். அமுச்சி முந்தானையால் முகத்தைத் துடைத்தது மழைக்காக இல்லை.

மறுநாள் ஊர் முழுக்க அதே பேச்சு. வராதவர்களுக்கு வேட்டை தப்பவில்லை, ஆனால் தாமரை போய்விட்டாள். அதற்கப்புறம் மழையானாலும் திடல் நிறைந்தது.

உங்களுடைய மழைநாள் ஏழு பேருக்கு என்ன கொடுத்தீர்கள்? நாற்பது பேருக்கு வாசிக்கிற பட்டியலையே சீக்கிரம் முடித்து ஒயரைச் சுருட்டியிருப்பீர்கள். அந்த ஏழு பேரில் மூன்றாம் முறை வந்தவர் யார், எங்கிருந்து பஸ் ஏறி வந்தார், கேட்டீர்களா? அவர் பெயராவது தெரியுமா? நண்பர்கள் பாதிப் பேர் என்றால் மீதிப் பேர் நீங்கள் யாரென்றே தெரியாமல் வந்தவர்கள். அவர்களில் ஒருவர் ஜூனில் அந்த மாடிப்படி ஏறி வந்து நாற்காலி மடக்கிக் கிடப்பதைப் பார்த்திருந்தால்? அவருக்கு நீங்கள் கடன்பட்டிருக்கிறீர்கள், கண்ணு.

மாதத்தில் ஒரு கிழமையை முடிவு செய்யுங்கள். கடைக்காரரிடம் ஒரு வருடத்துக்குப் பேசி வையுங்கள். உங்களில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் நாலு பேர் வாசியுங்கள்.

சென்னை பற்றிக் கேட்டிருந்தீர்கள். போய் வாசித்துவிட்டு வாருங்கள், அந்தக் கிழமைக்குள் திரும்பிவிடுங்கள். எந்தக் கிழமை என்று முடிவானதும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். காங்கயத்திலிருந்து பஸ்ஸில் வந்துவிடுவேன்.