கிராபிக்ஸ் கார்டைப் பழுதாக்காமல் எந்த எல்லைவரை ஓவர்கிளாக் செய்யலாம் (அதாவது, நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டலாம்)?

கார்டு எரிந்துவிடுமோ என்ற அச்சத்தில்தான் இந்தக் கேள்வி பெரும்பாலும் எழுகிறது. நீங்களும் கார்டின் வேகத்தை மாற்றும் மென்பொருளான ஆஃப்டர்பர்னரைத் திறந்து வைத்துவிட்டு ஸ்லைடரைத் தொடத் தயங்கிக்கொண்டிருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அண்மைக் காலக் கார்டுகளில் வோல்டேஜ், மின்நுகர்வு, வெப்பம் ஆகிய மூன்றுக்கும் உற்பத்தியாளரே பயாஸில் (கார்டினுள் பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளில்) வரம்பு வைத்திருப்பதால், அவ்வரம்புகளைத் தளர்த்தும் வேறு பயாஸை ஏற்றாதவரை, வேகத்தை மட்டும் கூட்டிக் கார்டைக் கெடுப்பது அரிது. அளவு மீறினால் திரை உறைந்து நிற்கும். விண்டோஸ் வழக்கமாக 2 வினாடி பொறுத்துவிட்டு டிரைவரை (கார்டை இயக்கும் மென்பொருளை) மீட்டெடுக்கும். அல்லது கணினியை மறுபடி இயக்க வேண்டியிருக்கும்.

கோர் கிளாக்கில், அதாவது கார்டின் முதன்மைச் சிப்பின் வேகத்தில், பெரிய சூட்சுமம் இல்லை. பவர் லிமிட்டை (மின்நுகர்வு வரம்பை) உச்சத்துக்கு ஏற்றி, 15 மெகாஹெர்ட்ஸ் வீதம் கூட்டி, கார்டு நன்றாகச் சூடேறிய பிறகும் நிலையாக ஓடுகிறதா என்று பார்த்தால் போதும்.

ஆளை ஏமாற்றுவது மெமரி. என் கார்டில் மெமரி வேகத்தை 50 மெகாஹெர்ட்ஸ் வீதம் உயர்த்தி, ஒவ்வொரு படியிலும் ஒரே காட்சியை ஓடவிட்டு வினாடிக்கு எத்தனை ஃபிரேம் (படம்) என்ற எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு வந்தேன். ஓரிடம்வரை எண்ணிக்கை ஏறியது. பிறகு அசையாமல் நின்றது. அதற்கும் மேலே போனபோது, வேகம் கூடியிருப்பதாகத் திரை காட்டிக்கொண்டிருக்க, எண்ணிக்கையோ இறங்கத் தொடங்கியது. வெப்பநிலையும் கோர் கிளாக்கும் மாறவில்லை, திரையில் ஒரு புள்ளிகூடத் தெறிக்கவில்லை. ஜிடிடிஆர்5 என்ற மெமரி வகை தொடங்கி, மெமரிக்கும் சிப்புக்கும் இடையே செல்லும் தரவில் பிழை நேர்ந்தால் அதைக் கண்டறிந்து மீண்டும் அனுப்பும் ஏற்பாடு இருக்கிறது என்பதுதான் காரணம். கார்டு விழாமல் ஓடும். ஆனால் கூடுதல் வேகத்தால் கிடைத்ததையெல்லாம் இந்த மறுஅனுப்பல்கள் தின்றுவிடும். எண்ணிக்கை உச்சத்தைத் தொட்ட படிக்கு ஒரு படி கீழே நிறுத்திக்கொண்டேன்.

மெமரியை 1000 மெகாஹெர்ட்ஸ் கூட்டி நெடுநாளாக ஓட்டுகிறேன், ஒன்றும் ஆகவில்லை என்று சிலர் சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்வதாக நான் கூறவில்லை. ஒரே மாடலிலும் சிப்புக்குச் சிப்பு திறன் வேறுபடும். கார்டு விழவில்லை என்பதற்கு மேல் அதில் எதுவும் நிரூபணமாகவில்லை என்பதே என் வாதம். சோதனையில் கிடைத்த ஸ்கோரை மறைத்துவிட்டுக் கிளாக் எண்ணை மட்டும் படம்பிடித்துப் பகிரும் வழக்கத்தால், புதிதாக வருபவர்கள் பிறர் கார்டின் எண்ணைத் தம் கார்டில் அப்படியே இட்டுத் திண்டாடுகிறார்கள்.

பவர் லிமிட்டில் போய் முட்டிக்கொண்டால் வோல்டேஜைக் குறைத்துப் பாருங்கள். மின்நுகர்வு ஏறத்தாழ வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுவதால், அதே வேகத்தைக் குறைந்த வோல்டேஜில் தாங்கும் கார்டுக்கு மேலே ஏற இடம் கிடைக்கும். ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரி உள்ள கார்டென்றால் அதன் வெப்பநிலையையும் தனியே கவனியுங்கள். 110 டிகிரியை எட்டினால் கார்டு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

சோதனை மென்பொருளில் தேறிய அமைப்பு, ஒளியின் பாதையைக் கணக்கிட்டுக் காட்சியை வரையும் ரே டிரேசிங் விளையாட்டில் விழுவதுண்டு. ஆகவே, வழக்கமாக விளையாடுபவற்றில் சில நாள் ஓட்டிப் பார்க்காமல், கணினி தொடங்கும்போதே அந்த அமைப்பு தானாக அமலாகும்படி தேர்வு செய்துவிடாதீர்கள்.